வற்றல் டப்பாக்களுக்கு நடுவே இத்தாலிக் காளான்

என் தம்பிக்குக் கப்பலில் வேலை. போன லீவுக்கு வந்தபோது இத்தாலியிலிருந்து உலர்ந்த போர்ச்சினி காளான் ஒரு பாக்கெட்டும், விரல் உயரத்தில் ட்ரஃபிள் எண்ணெய் பாட்டில் ஒன்றும் கொண்டுவந்தான். ட்ரஃபிள் என்பது மண்ணுக்கடியில் விளையும் காளான். பாட்டிலைத் திறந்ததும் என் மனைவி, கேஸ் லீக் ஆகிறது என்று அடுப்படிக்கு ஓடினாள். எனக்கோ தலைகால் புரியவில்லை. கல்யாண நாளுக்கு இத்தாலியச் சோறு ஆக்கி அசத்திவிடுவது என்று முடிவு செய்தேன்.

மும்பை செம்பூரில் எங்கள் வீட்டில் சமையல் என் பொறுப்பு. நான் தாராவியில் வளர்ந்த தூத்துக்குடிக் கிறிஸ்தவன், கருவாடு இல்லாமல் ஒரு வாரம் ஓட்டமாட்டேன். மனைவி மாட்டுங்காவில் வெங்காயத்துக்கே நாள் பார்க்கும் வீட்டுப் பெண். அவர்களுடைய மாட்டுங்கா கட்டடத்தை இடித்துக் கட்டுவதால் மாமியார் ஏழு மாதமாக எங்களோடு இருக்கிறார். பிரியமானவர்தான். ஆனால் நான் சமைத்ததை ஒருநாளும் வாயில் வைத்ததில்லை. தனி இண்டக்ஷன் அடுப்பு, தனிப் பாத்திரம், தனி அலமாரி. "வயசாயிடுத்து, ஒத்துக்காது" என்பார். நான் சிரித்துக்கொண்டே தலையாட்டுவேன், உள்ளுக்குள் வலிக்கும்.

இனி என் புத்திசாலித்தனம். காளானை என் அலமாரியில் வைத்தால் கருவாட்டு வாடை ஏறிவிடும். சைவச் சாமான்தானே என்று ஒரு கண்ணாடி பாட்டிலில் கொட்டி, மாமியாரின் வற்றல் டப்பாக்களுக்கு நடுவே வைத்துவிட்டேன். அந்த வீட்டார் காளானையும் தொடமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல. அந்த நேரத்தில் அது தோன்றவில்லை, அவ்வளவுதான்.

சனிக்கிழமை மத்தியானம் மார்க்கெட்டிலிருந்து திரும்பினேன். மாமியார் ஜன்னலோரம் தனியாக உட்கார்ந்து வத்தக்குழம்பு சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"இந்தக் கத்திரிக்கா வத்தல் ரொம்ப நன்னாருக்கு. எங்கே வாங்கினேள்?"

அலமாரியைப் பார்த்தேன். பாட்டில் பாதி காலி. நல்லெண்ணெயில் வறுத்துப் புளியில் போட்டிருக்கிறார். வாசனை கூடம்வரை வந்தது, உண்மையில் பிரமாதமாகத்தான் இருந்தது. மனைவி என்னை உள்ளே இழுத்து, "வாயத் திறக்காதீங்க. தெரிஞ்சா அம்மா இன்னிக்கே அம்பர்நாத்துக்கு அண்ணா வீட்டுக்குக் கிளம்பிடுவா" என்றாள்.

சாயங்காலம்வரை வாயைத் திறக்கவில்லை. ஆனால் ராத்திரிக்கும் அதே குழம்பை அவர் சுடவைக்கப் போனபோது பொறுக்கவில்லை.

"மாமி, அது வத்தல் இல்ல. காளான். நாந்தான் தெரியாத்தனமா ஒங்க அலமாரியில வச்சிட்டேன்."

அவர் அடுப்பை அணைத்தார். குழம்பை எடுத்து மேடையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். அன்றிரவு ஒரு டம்ளர் பாலோடு படுத்துவிட்டார். எல்லாம் என்னால்தான் என்று மனைவி முணுமுணுத்தாள். எனக்கும் அப்படித்தான் பட்டது.

காலையில் மாமியார் காப்பி டம்ளரோடு வந்து என் எதிரே உட்கார்ந்தார்.

"நீங்க சொல்லலேன்னா எனக்குத் தெரிஞ்சிருக்கப் போறதில்லே."

"ஆமா மாமி."

"இனிமே எதுல என்ன போட்டிருக்குன்னு கேட்டா சொல்லுவேளோல்லியோ?"

"கண்டிப்பா சொல்லுவேன்."

"அப்போ எனக்கும் சேத்து ஆக்குங்கோ. காளான் மட்டும் வேண்டாம்."

கல்யாண நாளன்று மிச்சக் காளானை வெந்நீரில் ஊறவைத்தேன். ஊறிய தண்ணீரைக் கொட்டாமல் வடிகட்டி, வெண்ணெயில் வதக்கிய அரிசியில் கரண்டி கரண்டியாக விட்டுக் கிண்டினேன். இறக்கிய பிறகுதான் ட்ரஃபிள் எண்ணெய். சூட்டில் வைத்தால் மணம் ஓடிவிடும். மாமியாருக்குப் பச்சைப் பட்டாணி போட்டுத் தனியாக ஆக்கினேன். அதற்கான வெண்கலப் பானையை அவரே தன் அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

அன்று எங்களோடு மேசையில் சாப்பிட உட்கார்ந்தார். முதல் வாய்க்கு உப்பு கம்மி என்றார். இரண்டாவது முறை கேட்டு வாங்கிக்கொண்டார். கை கழுவிவிட்டு வந்து, துண்டில் துடைத்தபடி கேட்டார்.

"நாளைக்கு என்ன பண்ணப் போறேள்?"