லைட்டும் வைப்பரும் ஹார்னும்

இரண்டாம் படிவத்தோடு, பதினாலு வயதிலேயே பள்ளியை விட்டவன் நான். ஊர் ஊராய்ச் சுற்றி எத்தனையோ வேலை பார்த்தபின், சுங்காய் எஸ்டேட் பாதையில் பள்ளி பஸ் ஓட்டினேன்.

அன்று காலை பேய்மழை. திடீரென்று லைட், வைப்பர், ஹார்ன் மூன்றும் செத்துப்போயின. வண்டியை ஓரங்கட்டினேன். ஒரு மணி நேரத்தில் பிள்ளைகளுக்குப் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.

முதலில் லைட்டைப் பிடித்தேன். பல்ப் நல்லதா, பியூஸ் நல்லதா, சுவிட்ச் நல்லதா? பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"அண்ணே, ஒவ்வொண்ணா இப்படிக் கேட்டா தேர்வே முடிஞ்சிரும் லா," என்றாள் மாணவி கவிதா.

"நீ போய்ப் படி. வண்டி எனக்குத் தெரியும்."

அவள் நகரவில்லை. "எல்லாத்துக்கும் பொதுவா எது இருக்கு? அதை முதல்ல பாருங்க."

எனக்குச் சுருக்கென்றது. லைட்டுக்கும் வைப்பருக்கும் மின்சாரம் திரும்பிப் போகும் எர்த் வயர் ஒன்றுதான்! அதன் முனையில் ஏறியிருந்த துருவைச் சுரண்டி முடுக்கினேன். லைட் எரிந்தது, வைப்பர் ஆடியது! ஒரே கேள்வியில் இரண்டு பதில்!

ஹார்ன் மட்டும் ஊமை. அதன் வயர் வேறு, கேள்வியும் வேறு. வளைவுக்கு வளைவு பிள்ளைகளே "பாம், பாம்" என்று கத்த, நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம்.

இப்போது எந்தப் பழுதானாலும் பொதுவான கேள்வியைத்தான் முதலில் தேடுகிறேன். பக்கத்தில் யாராவது வாய் திறந்தால், அதட்டுவதில்லை.