அம்மா கயிறு பிடித்த சித்திரை

நீர் இறங்கிய சேறு வெயிலில் காயும்போது ஒரு மணம் வரும். பாசியும் மீனும், பல மாதம் தண்ணீருக்கடியில் இருட்டில் கிடந்த மண்ணும் கலந்த அந்த மணம் வெளியூர்க்காரரை மூக்கைப் பொத்த வைக்கும். எங்களுக்கோ அதுதான் பள்ளிக்கூட விடுமுறையின் மணம். மஸ்கெலியா நீர்த்தேக்கத்தை ஒட்டிய தேயிலைத் தோட்டம் ஒன்றில், தண்ணீரைப் பார்த்தபடி நின்ற லயத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையில், நான் வளர்ந்தேன். அணைக்கட்டு எங்கோ வளைவுக்கு அப்பால் இருந்தாலும், கண்ணுக்குத் தெரிந்த அத்தனை தண்ணீரையும் நாங்கள் "டேம்" என்றே சொல்வோம். மாசி, பங்குனி வெயிலில் டேம் நாளுக்கு நாள் உள்வாங்கும். முதலில் கரையோரம் ஒரு சிவந்த பட்டையாகத் தெரியும் மண், பிறகு அகன்று அகன்று, சித்திரை பிறக்கும்போது லயத்துக்குக் கீழே பெரிய மைதானமாக விரிந்துவிடும். மலைச்சரிவில் ஒரு பந்தை உருட்டி விளையாடக்கூட சமதரை இல்லாத எங்களுக்கு, வருடத்தில் ஒன்றரை மாதம் அந்தத் தண்ணீரே நிலம் கொடுத்தது.

அங்கே பையன்கள் தென்னை மட்டையில் கிரிக்கெட் ஆடினார்கள். நாங்கள், பெண் பிள்ளைகள், வெடித்த சேற்றின் கோடுகளையே கட்டங்களாகக் கொண்டு நொண்டி விளையாடினோம். பள்ளங்களில் தேங்கிய நீரில் துண்டை விரித்து மீன் குஞ்சு பிடித்தோம். டேம் கட்டியபோது மூழ்கிப்போன பழைய டவுனின் கோயில் சுவர் தூரத்தில் தலைகாட்டும். அதைப் பார்க்கவே ஹட்டனிலிருந்து பஸ் பிடித்து ஆட்கள் வருவார்கள். வருடப் பிறப்பு முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அந்தத் தரையில்தான் எங்கள் விளையாட்டு விழா நடக்கும். பக்கத்துத் தோட்டங்களிலிருந்து லொறியில் வருவார்கள். அக்கரையிலிருந்த சிங்களக் கிராமத்து ஆட்கள் குடும்பம் குடும்பமாகப் படகில் வந்து இறங்குவார்கள். வழுக்குமரம், கண்ணைக் கட்டிக்கொண்டு முட்டி உடைத்தல், தலையணைச் சண்டை எல்லாம் முடிந்த பிறகு, கடைசியாக, எல்லாரும் காத்திருக்கும் கயிறு இழுத்தல். அது ஆண்களுக்கு மட்டும். பெண்களுக்குத் தேங்காய் துருவுவதும், கரண்டியில் தேசிக்காய் என்கிற எலுமிச்சை வைத்துக்கொண்டு ஓடுவதும்தான்.

என் அம்மா செல்லம்மா ஒரு காலத்தில் அந்தத் தேசிக்காய் ஓட்டத்தில் யாரையும் முன்னே போக விட்டதில்லை. நெடுநெடுவென்ற உயரம், அகன்ற தோள். மழையில் மண் சரிந்த பாதையிலும் நிறைந்த கொழுந்துக் கூடையோடு மற்றவர்களை முந்திக்கொண்டு ஏறுவார். எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, காற்றுக் காலத்தில் மரம் விழுந்து அப்பா இறந்துபோனார். அதற்குப் பிறகு விழாவுக்கு அம்மா வந்ததில்லை என்று சொல்ல முடியாது, வருவார். ஆனால் கீழே இறங்கமாட்டார். கூட்டத்துக்குப் பின்னால், மேட்டின் மேல், தண்ணீர் பழகிய கரைக்கோட்டுக்கு மேலேயே நிற்பார். யாரும் நிற்கச் சொல்லவில்லை. யாரும் வாங்க என்று கூப்பிடவும் இல்லை. நல்ல காரியம் எதுவானாலும் அம்மாவின் இடம் அதுதான் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது, எனக்கும் தெரிந்திருந்தது.

எனக்குப் பதினொன்றான அந்தப் பங்குனியில், எங்கள் லயத்து லெச்சுமி மதினி ஒரு சேதியோடு வேலையிலிருந்து திரும்பினார். மதினி சின்ன உருவம், பெரிய குரல். அக்கரைக் கிராமத்துப் பெண்கள் கயிறு இழுக்க ஒரு அணி சேர்த்திருக்கிறார்களாம். தோட்டத்துப் பெண்கள் எதிரே நிற்பார்களா என்று கேட்டு அனுப்பியிருக்கிறார்களாம். விழாவை நடத்தும் முருகேசு அண்ணன் அதைக் கேட்டுச் சிரித்தார்.

"மதினி, அது தேங்கா துருவுற வேல இல்ல. கை உரிஞ்சி போகும்."

"எங்க கை உரியாத நாளு எது தம்பி? எட்டுப் பேரு வந்தா எடம் குடுப்பியா, மாட்டியா?"

"எட்டுப் பேரக் கொண்டாங்க, பாப்போம்."

ஏழு பேர் உடனே சேர்ந்துவிட்டார்கள். எட்டாவது ஆள்தான் முக்கியம். கயிற்றின் நுனியை இடுப்பில் சுற்றிக்கொண்டு, மற்றவர்கள் சறுக்கினாலும் தான் சறுக்காமல் நிற்க வேண்டிய கடைசி ஆள். அதற்கு யார் பொருத்தம் என்று ஊருக்கே தெரியும். மதினி ஒரு சாயங்காலம் எங்கள் காம்பராவுக்கு, லயத்து அறைக்கு, வந்தார். அம்மா அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார். கேட்டதும் தலையை அசைத்தார்.

"என்னைய விடு லெச்சுமி. வேற ஆளப் பாரு."

அப்போது பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த பெரியப்பா, அப்பாவின் அண்ணன், வாசலுக்கு வந்து நின்றார். கெட்ட மனிதர் அல்ல. அப்பா போன பிறகு எங்களுக்கு விறகு வெட்டிப் போட்டவர், என்னையும் தம்பியையும் தன் பிள்ளைகளோடு சேர்த்துப் பள்ளிக்குக் கூட்டிப்போனவர்.

"அவளக் கூப்புடாத லெச்சுமி," என்றார். "வருசம் பொறந்து மொதக் கூட்டம். தாலி இல்லாத பொம்பள முன்னுக்கு நின்னா நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க. அவ நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அம்மா ரொட்டியைத் திருப்பிப் போட்டார். பிறகு, பெரியப்பாவின் முகத்தைப் பார்க்காமலேயே, மெதுவாகச் சொன்னார்.

"பேசட்டும் மாமா. கொழுந்து நிறுக்கிறப்ப, இது தாலி இல்லாதவ கூடைன்னு யாரும் தள்ளி வக்கிறதில்லயே." மதினி பக்கம் திரும்பி, "எங்க பழகப் போறீங்க?" என்று கேட்டார்.

மறுநாளிலிருந்து வேலை முடிந்ததும் எட்டுப் பேரும் டேமுக்குள் இறங்கினார்கள். தொழிற்சாலை லொறி டிரைவரிடம் கேட்டு வாங்கிய தடித்த கயிற்றை, நீருக்கடியில் நெடுங்காலம் கிடந்து கருத்துப்போன ஒரு மர அடிக்கட்டையில் கட்டினார்கள். கட்டை அசையாது என்று எல்லாருக்கும் தெரியும். அசையாத ஒன்றை இழுத்தால்தான் எட்டுப் பேரின் இழுப்பும் ஒரே நேரத்தில் விழப் பழகும் என்று மதினி சொன்னார். மலையில் கொழுந்து பறிக்கும்போது கட்டும் "படங்கு"ச் சாக்கை இடுப்பில் சுற்றி, அதன்மேல் கயிற்றைப் போட்டுக்கொண்டு அம்மா கடைசியில் நிற்பார். பிள்ளைகள் நாங்கள் வரிசையாக உட்கார்ந்து, "ஏலேலோ" போட்டுக் கொடுப்போம். முதல் நாட்களில் ஒருத்தி சிரித்தால் அம்மாவைத் தவிர எல்லாரும் சிரித்துச் சேற்றில் விழுந்தார்கள். போகப் போகச் சிரிப்பு குறைந்தது. கயிறு விறைத்து நிற்கும்போது நரநரவென்று ஒரு சத்தம் வரத் தொடங்கியது. இரவில் அம்மா உள்ளங்கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வார், வலிக்குதா என்று கேட்டால், "வலிக்காம எப்பிடி?" என்பார், அவ்வளவுதான்.

விழாவுக்கு முதல் நாள், அணியில் ஒருத்தியான சரோஜா அக்கா அழுதுகொண்டு வந்தார். அவருடைய குழந்தைக்கு அடுத்த வாரம் மொட்டையடித்துக் காது குத்துவதாக இருந்தது. அம்மா பிடித்த கயிற்றை இவரும் பிடிக்கக்கூடாது என்று மாமியார் ஒரே பிடியாக நின்றுவிட்டாராம். கேட்டுக்கொண்டிருந்த அம்மாவின் முகம் சிறுத்துப் போனதை நான் பார்த்தேன்.

"நான் ஒதுங்கிக்கிறேன்," என்றார் அம்மா. "புள்ள காரியம். சரோஜா நிக்கட்டும்."

"நீங்க ஒதுங்கினா நானும் ஒதுங்குறேன் அக்கா," என்றார் லெச்சுமி மதினி. மற்ற ஐந்து பேரையும் பார்த்தார். ஒருவரும் எழுந்து போகவில்லை. "சரோஜா, நீ வீட்டுக்குப் போ. உன்மேல கோவம் இல்ல. ஏழு பேரா நிப்போம்."

மறுநாள் முருகேசு அண்ணன் ஒலிபெருக்கியில் பெண்கள் கயிறு இழுத்தல் என்று அறிவித்ததும் கூட்டம் சிரித்துக்கொண்டுதான் கூடியது. மேட்டிலிருந்து அம்மா இறங்கி வந்தார். கூட்டம் வழிவிட்டது, மரியாதையால் சில பேர், மேலே படாமல் இருக்கச் சில பேர். பெரியப்பா குடையை விரித்துக்கொண்டு தள்ளி நின்றார். எதிரே அக்கரை அணி எட்டுப் பேரும் கயிற்றைத் தூக்கிவிட்டார்கள். அவர்களுடைய கடைசி ஆள் குசுமா என்ற பெண், நல்ல பருமன், காய்கறித் தோட்டத்தில் மண்வெட்டி பிடித்துக் காய்த்த கை. எங்கள் பக்கம் எண்ணிப் பார்த்தவர், தன் ஆட்களிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். அவர்களில் ஒருத்தி கயிற்றை விட்டு வெளியே வந்து, தரையில் உட்கார்ந்துகொண்டாள். ஏழுக்கு ஏழு. அதைக் கண்டதும் கூட்டத்தின் சிரிப்பு நின்றது.

முதல் இழுப்பு கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. நாங்கள் பாட்டை எடுப்பதற்கு முன்பே எங்கள் ஆட்களை வாரிக்கொண்டு போய்விட்டார்கள். இரண்டாவதில் மதினி ஒரு யுக்தி செய்தார். ஊதல் கேட்டதும் இழுக்கவில்லை, கட்டையாகப் படிந்து நின்றார்கள். எதிரணிக்கு மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகு பாட்டைக் கூட்டி, அடி அடியாக நகர்த்தி ஜெயித்தார்கள். மேட்டிலிருந்த பெண்கள் அத்தனை பேரும் கீழே ஓடிவந்துவிட்டார்கள். சரோஜா அக்காவும் வந்தார், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு.

மூன்றாவது இழுப்பை நான் இன்றைக்கும் கையில் உணர்கிறேன். கயிறு இரண்டு பக்கமும் போகவில்லை. அம்மா பின்னால் சாய்ந்து, வானத்தைப் பார்த்தபடி, குதிகாலைச் சேற்றுக்குள் செலுத்திக் கிடந்தார். கழுத்து நரம்பு கயிற்றைப் போலவே நின்றது. நாங்கள் பாடிப் பாடித் தொண்டை கட்டிப் போனோம். தம்பி அழுதுவிட்டான். ஒரு கட்டத்தில் எங்கள் பக்கத்து முன்வரிசையில் ஒருத்தியின் கால் வழுக்கியது. அவளோடு அடுத்தவள், அடுத்தவள். எல்லாரும் விழுந்த பிறகும் கடைசியில் அம்மா மட்டும் நின்றார். தனியாக எத்தனை நேரம் நிற்க முடியும்? கயிறு அவரைக் குப்புறத் தள்ளியது. அப்போதும் பிடியை விடவில்லை. விட்டிருந்தால் சேலையாவது தப்பியிருக்கும். கோட்டைத் தாண்டும் வரைக்கும் சேற்றில் இழுபட்டுக்கொண்டே போனார்.

தோற்றோம். எனக்கு ஓடிப்போய் அவரைத் தூக்க வேண்டும் போலவும், எங்காவது ஒளிந்துகொள்ள வேண்டும் போலவும் இருந்தது. ஆனால் எனக்கு முன்னே குசுமா போய்விட்டார். அம்மாவின் கையைப் பிடித்து நிமிர்த்தி, முகத்துச் சேற்றைத் தன் முந்தானையால் துடைத்து, "ஹொந்தய் அக்கே, ஹொந்தய்," நல்லாச் செஞ்சீங்க அக்கா, என்று முதுகில் தட்டினார். அம்மா சிரித்தார். அப்பா போன பிறகு பல் தெரிய அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். அந்தச் சிரிப்போடேயே முருகேசு அண்ணனைக் கூப்பிட்டார்.

"தம்பி, அடுத்த வருசமும் நாங்க வருவோம். இப்பவே சொல்லிட்டேன்."

பெரியப்பா கொஞ்ச நாள் எங்கள் வாசல் பக்கம் பார்க்காமல் நடந்தார். பீலியில் தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில் சில பெண்கள் வாளியைத் தள்ளி வைத்தார்கள். சரோஜா அக்காவின் மாமியார், அம்மா காதில் விழும்படியே பேசினார். அம்மாவோ தைப்பொங்கல் முடிந்ததுமே, டேம் இறங்கும் வரை காத்திராமல், லயத்துக்கு மேலிருந்த சவுக்கு மரமொன்றில் கயிற்றைக் கட்டிவிட்டார். அந்த வருடம் மழை முந்திக்கொண்டது. எங்கள் மைதானம் ஒரு ஒடுங்கிய கரையாகச் சுருங்கிப் போயிருந்தது. அந்த ஒடுக்கத்தில்தான், ஒரு பக்கம் தண்ணீர் அலைய, எங்கள் எட்டுப் பேரும் நின்றார்கள். போன வருடம் விட்ட இடத்துக்குச் சரோஜா அக்கா, மாமியாரிடம் சொல்லிவிட்டே வந்திருந்தார். இரண்டே இழுப்பில் ஜெயித்தோம். ஆளுக்கொரு பிளாஸ்டிக் வாளி பரிசு. அன்று சாயங்காலம் பெரியப்பா வந்து எங்கள் இஸ்தோப்பில், முன்திண்ணையில், உட்கார்ந்தார். அம்மா தேத்தண்ணி கொடுத்தார். குடித்து முடித்து, கோப்பையைத் திருப்பிக் கொடுக்கும்போது, "கைக்கு எண்ண போட்டியா?" என்று கேட்டார்.

இப்போது நான் ஹட்டனில் ஆசிரியை. அம்மா வேலையிலிருந்து ஓய்வுபெற்று, அதே லயத்தில் தம்பியோடு இருக்கிறார். முழங்கால் வலி, நடப்பது குறைவு. டேம் இன்றும் பங்குனியில் இறங்குகிறது. ஆனால் கரையில் ஒரு விடுதி வந்துவிட்டது. அதன் கம்பி வேலி, நாங்கள் இறங்கி ஓடிய பாதையை மறித்து நிற்கிறது. வெள்ளைக்காரர்கள் மஞ்சள் நிறச் சின்னப் படகுகளில் துடுப்புப் போடுகிறார்கள். அக்கரையிலிருந்து படகு வருவது நின்று பல வருடமாயிற்று. லெச்சுமி மதினி கொழும்பில் மகளோடு. அணியில் நின்றவர்களில் இரண்டு பேர் வெளிநாட்டு வேலைக்குப் போய் அங்கேயே முதிர்ந்துகொண்டிருக்கிறார்கள். விழாவைத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலிருந்த சின்னத் தரைக்கு மாற்றிவிட்டார்கள். வேலியில் ஒரு வழி விடச் சொல்லி லயத்துப் பெண்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், நானும் அவர்களோடு போய் நின்றிருக்கிறேன், இன்னும் போவேன்.

போன சித்திரையில் அம்மாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய், ஒரு நாற்காலி போட்டு முன்வரிசையில் உட்கார வைத்தோம். பெண்கள் கயிறு இழுத்தல் இப்போது விழாவின் வழக்கமான போட்டி, யாரும் சிரிப்பதில்லை. எங்கள் லயத்து அணியின் கடைசி ஆள் ஓர் இளம் பெண். அவளுடைய கணவன் முந்தின வருடம் காய்ச்சலில் இறந்தவன். எனக்கு அது தெரியும் என்பதால் நான் அவளைப் பார்க்கவில்லை, கூட்டத்தைப் பார்த்தேன். ஒரு முகமாவது சுளிக்குமா, ஒரு ஆளாவது தள்ளி நிற்குமா என்று தேடினேன். பிள்ளைகள் ஐஸ் பழம் சப்பிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் அவள் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்கள். அவள் மாமியார் முன்னால் நின்று, மருமகளின் கைக்குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார்.

நான் அம்மாவின் பக்கம் குனிந்து, "பாத்தீங்களாம்மா?" என்றேன்.

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்," என்றார் அம்மா, கண்ணைக் கயிற்றிலிருந்து எடுக்காமல். "கால இன்னும் கொஞ்சம் அகட்டி வக்கச் சொல்லு."