லீவு வேண்டாம் என்று சொன்ன மூவர்

2024 நவம்பர் 14, வியாழக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிடம். ஒத்தக்கடையில் ஒரு வெல்டிங் பயிற்சி நிலையத்தின் அலுவலக அறையில் லேப்டாப்பின் முன் உட்கார்ந்தேன். திரையில், பின்லாந்திலிருந்து ஒரு பெண்மணி. அலுமினியப் படகு கட்டும் சிறிய பட்டறையின் உரிமையாளர். தன் ஊரில் வெல்டர்கள் கிடைக்காததால் இங்கிருந்து ஆள் எடுக்க நினைத்தார். அவர் ஆங்கிலத்தில் கேட்பதைத் தமிழிலும், வந்தவர்கள் தமிழில் சொல்வதை ஆங்கிலத்திலும் சொல்வது என் வேலை.

நான் படிக்கும் கல்லூரியின் ஆங்கில இலக்கியத் துறையிலிருந்து யாராவது வேண்டும் என்று நிலையத்தார் கேட்டிருந்தார்கள். அதிகம் பேசாத பெண் என்பதால் பேராசிரியை என்னை அனுப்பினார். நிலையத்தின் பயிற்றுநரும் அதையே விரும்பினார். இரு தரப்பும் சொன்னதை மட்டும் சொல்ல வேண்டும், சொந்தமாக ஒன்றும் சேர்க்கக் கூடாது என்று இருமுறை எச்சரித்தார். எனக்கும் அது வசதியாகவே இருந்தது.

வந்தவர்கள் மூன்று பேர். மூவரும் கப்பலூரில் பால் டேங்க் செய்யும் ஒரே பட்டறையில் வேலை பார்ப்பவர்கள். அந்தப் பட்டறையை முதலாளி விற்கப் போகிறார். தைக்குப் பிறகு வேலை இருக்குமா என்று யாருக்கும் தெரியாது. பற்றவைத்துக் காட்டும் சோதனையில் மூவரும் முந்தைய வாரமே தேறியிருந்தார்கள். மிச்சம் இருந்தது இந்தப் பேச்சு மட்டும்.

கேள்விகள் எளிமையாகவே இருந்தன. கடைசிக் கேள்வி, ஆண்டு விடுப்பை எந்த மாதத்தில் எடுத்துக்கொள்வீர்கள் என்பது. முதலில் வந்தவர், எனக்கு லீவே வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டாலும் வருவேன் என்றார். மொழிபெயர்த்தேன். இரண்டாமவரும் அதையே சொன்னார். மொழிபெயர்த்தேன். மூன்றாமவர் அலங்காநல்லூர்ப் பக்கத்துக்காரர், மூவரில் மூத்தவர். நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொன்னார்.

"லீவுங்கிற பேச்சுக்கே இடமில்ல பாப்பா. ஞாயித்துக்கிழமையும் பாப்பேன்னு சொல்லு."

வாசலில் காத்திருந்த இரண்டாமவர், "மாப்ள, தூக்கமும் வேணாம்னு சேத்துச் சொல்லிரு" என்றார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

திரையில் அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்தார். மூன்று பேரும் ஒரே வாக்கியத்தைச் சொல்கிறார்களே, இதை இவர்களுக்கு யாராவது சொல்லிக்கொடுத்தார்களா என்று கேட்டார். விடுப்பு வேண்டாம் என்று ஒரு தொழிலாளி சொன்னால், அவரை யாரோ மிரட்டி வைத்திருக்கிறார்கள் என்றுதான் தங்கள் ஊரில் சந்தேகிப்பார்கள். அப்படிப்பட்ட ஆட்களை வேலைக்கு எடுக்க முடியாது, மூவரையுமே விட்டுவிட வேண்டியிருக்கும் என்றார். குரலில் கோபம் இல்லை, வருத்தம் இருந்தது.

பயிற்றுநருக்கு ஆங்கிலம் ஓரளவுதான் தெரியும். என்ன சொல்றாங்க என்று என்னிடம் சைகையில் கேட்டார். மூன்றாமவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்ன ஆங்கிலத்தில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் கப்பலூரில் ஒரு மேஸ்திரி ஒருவரைப் பற்றி நல்லதாகச் சொல்ல நினைத்தால் முதலில் சொல்வது, லீவே போடாத ஆள் என்பதுதான். அந்தச் சேதி என் ஆங்கிலத்தில் எங்குமே இல்லை.

இனி நான் சொல்வது என் சொந்தப் பேச்சு, அனுமதிக்க வேண்டும் என்று அந்த அம்மாளிடம் கேட்டேன். யாரும் இவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. இங்கே லீவு கேட்பவரைச் சோம்பேறி என்பார்கள். இவர்கள் சொன்னது தங்கள் உழைப்பைப் பற்றிய நற்சான்று, அவ்வளவுதான் என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக ஒலித்தது. அப்படியானால் எதிரில் இருப்பவரையே கேளுங்கள், எந்த நாளுக்காக அவர் வேலையை விட்டு ஊருக்குப் போவார் என்றார் அந்த அம்மாள்.

கேட்டேன். மூன்றாமவர் பயிற்றுநரைப் பார்த்தார். பயிற்றுநர் வேண்டாம் என்று தலையசைத்தார்.

"அண்ணே, லீவு கேட்டா வேலை போயிரும்னு நினைக்காதீங்க. கேக்கலைன்னாத்தான் போகும்" என்றேன் நான்.

மூன்றாமவர் திரையைப் பார்த்துச் சொன்னார்.

"தங்கச்சி மகளுக்கு வைகாசியில காது குத்தணும். மாமன் மடியிலதான் உக்கார வச்சுக் குத்துவாக."

மாமன் அங்கே என்ன செய்வார் என்று அந்த அம்மாள் கேட்டார். ஒன்றும் செய்ய வேண்டாம், உட்கார்ந்திருந்தால் போதும், குத்தும்போது பிள்ளை திமிறும், பிடித்துக்கொள்ள வேண்டும் என்றார் இவர். வேறு யாராவது பிடித்துக்கொள்ளலாமே என்று அடுத்த கேள்வி வந்தது.

"வேற ஆளு மடியில வச்சா எந்தங்கச்சி குத்தவே விடாது."

எத்தனை நாள் வேண்டும் என்றதற்கு இரண்டு நாள் என்றார். விமானத்தில் வந்து சேரவே இரண்டு நாள் ஆகும் என்று அந்த அம்மாள் சிரித்தார். அன்று அவர் சிரித்தது அதுதான் முதல் முறை. பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார். முந்தைய இருவரையும் திரும்ப அழைக்கச் சொன்னார். ஒருவருக்கு மாசியில் குலசாமி கும்பிடு. மற்றவர் ஜல்லிக்கட்டுக்கு மாடு வளர்ப்பவர். மாடு அவிழ்க்கிற அன்று வாடிவாசலில் தான் நின்றே ஆக வேண்டும் என்றார். அதை விளக்கத்தான் எனக்கு நெடுநேரம் பிடித்தது.

மாலை ஆறு மணிக்குப் பயிற்றுநரின் போனுக்குச் செய்தி வந்தது. மூவருக்கும் வேலை. ஒரே ஒரு நிபந்தனை: ஒப்பந்தத்தைத் தமிழிலும் எழுதித் தர வேண்டும், அதை அவர்களுக்கு நான் வாசித்துக் காட்ட வேண்டும். பயிற்றுநர் அதை என்னிடம் கொஞ்சம் முறைத்தபடிதான் சொன்னார். பிறகு டீ வாங்கிக் கொடுத்தார்.

மறுநாள் காலை ஏழரை மணிக்கே நிலையத்துக்குப் போனேன். மின்னஞ்சலில் வந்திருந்த ஒப்பந்தத்தில் விடுப்புப் பிரிவை முதலில் மொழிபெயர்த்தேன். மூன்றாமவர் ஷிப்டுக்குப் போகும் முன் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். வாசித்துக் காட்டினேன். இரண்டாம் முறையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

"நாம கேட்டா அவுக குடுத்துத்தான் ஆகணுமா?"

"ஆமாண்ணே. குடுத்துத்தான் ஆகணும்."

அந்தப் பக்கத்தை அவர் போனில் படம் பிடித்துத் தங்கைக்கு அனுப்பினார். நான் ஒப்பந்தத்தின் அடுத்த பிரிவான சம்பளத்தை மொழிபெயர்க்கத் தொடங்கினேன்.