சுவருக்குள் போன கேபிள்

மில்லர்புரத்தில் வாழ்க்கைப்பட்ட அஸ்மா, வீட்டிலிருந்தே கல்யாண வீடியோக்களை எடிட் செய்து கொடுப்பவர். கணினி கீழே இருந்தது. வீடியோக்களைச் சேமிக்கும் பெட்டி மாடியில். இரண்டையும் சுவருக்குள் போகும் ஒரு கேபிள் இணைத்தது. நொடிக்கு நூறு எம்.பி.க்கு மேல் ஓடிய ஃபைல் காப்பி, அந்த வாரம் பதினொன்றுக்கு இறங்கி அங்கேயே நின்றது.

ரவுட்டரை மாற்றிப் பார்த்தார். கேபிளின் இரு முனைகளையும் வெட்டிப் புதிதாகப் பொருத்தினார். வேகம் கூடவில்லை. உள்ளே ஏதோ கம்பி அறுந்திருக்கும் என்று கேபிளை உருவினார். பாதி வந்ததும் விரலில் பிசுபிசுத்தது. மேலுறை உருகிக் கருகியிருந்தது. சுவரைத் தொட்டார்; சுட்டது. ஓடிப்போய் மெயினை அணைத்தார்.

எலக்ட்ரீசியன் நயினார் வந்து சுவரை உடைத்தார். ஏ.சி.க்குப் போகும் கரண்ட் வயரும் அதே குழாயில் வெந்து கிடந்தது.

"எத்தன நாளா இப்படிப் பொகஞ்சிக்கிட்டு கெடந்துச்சோ யம்மா. இந்த வரிசையில ஆறு வீட்டுக்கும் ஒரே ஆளுதான் வயரிங் பண்ணியிருக்கான்."

"அப்ப மத்த வீட்டுலயும் இப்படித்தான் இருக்குமா, அண்ணாச்சி?"

அவர் வெந்த வயரில் ஒரு துண்டை வெட்டி நீட்டினார்.

அஸ்மா அப்போதே வீடு வீடாகப் போனார். நான்கு வீடுகளில் மெயினை அணைத்தார்கள். கடைசி வீடு பூட்டிக் கிடந்தது. உள்ளே ஏதோ ஓடும் இரைச்சல் கேட்டது. துபாயில் இருந்த வீட்டுக்காரர் போனை எடுக்கவில்லை. அஸ்மா சுவரில் உள்ளங்கையை வைத்தார். அது வெயிலின் சூடா, உள்ளிருந்து வரும் சூடா என்று பிடிபடவில்லை. மின்வாரியத்துக்குச் சொல்லிவிட்டு வாசலிலேயே நின்றார்.

லைன்மேன் வந்து கம்பத்தில் இணைப்பைத் துண்டித்தபோது, கதவிடுக்கில் புகை வரத் தொடங்கியிருந்தது.