இருட்டில் கைதட்டியவர்

எங்கள் திருமண வரவேற்பில் மின்சாரம் போனபோது கைதட்டிய ஒரே ஆள் என் மாமனார்தான். சுனாமிக்கு மறு வருஷம், கடலூர் செம்மண்டலத்தில் ஒரு மண்டபம். ஊரே இருண்டுவிட்டது, மண்டபத்து ஜெனரேட்டரும் கிளம்பவில்லை. மேடையில் நானும் என் மனைவியும் வேர்த்துக் கொட்ட நின்றிருந்தோம். கீழே செல்போனைக் காதில் வைத்தபடி அவர், "நம்ம ரிலே வேலை செஞ்சிருச்சு!" என்று குதூகலித்தார். பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற அன்று ஒரு மனிதர் இதற்கா மகிழ்வார் என்று என் சித்தப்பா முகம் சுளித்தார்.

மாமனார் துணை மின்நிலையப் பொறியாளர். சிதம்பரம் பக்கம் லைனில் பழுது வந்தால் அங்கிருக்கும் பிரேக்கர்தான் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். அது மக்கர் செய்தால், கடலூரில் இருக்கும் ரிலே என்கிற காவல் கருவி சற்றுப் பொறுத்துப் பார்த்துவிட்டு, அவ்வளவு தூரத்திலிருந்தே லைனை நிறுத்திவிடும். நடக்கவே கூடாது, நடந்தால் தவறவும் கூடாது என்று அவர் பார்த்துப் பார்த்துச் செய்து வைத்த ஏற்பாடு அது. அன்றுதான் முதல்முறையாக அதற்கு வேலை வந்தது.

"சம்பந்தி, ஒரு போன் போட்டு கரண்ட்ட விடச் சொல்லுங்க" என்றார் சித்தப்பா. அதற்குள் மாமனாரின் சிரிப்பு போய்விட்டது. பிச்சாவரம் போகும் வழியில் கம்பி அறுந்து விழுந்து, வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியிருக்கிறதாம். இங்கோ துணை மின்நிலையத்துக்குப் பெரிய மனிதர்கள் போன் மேல் போன் போட்டு மிரட்ட, பணியில் இருந்தவர் லைனை மறுபடி போடத் தயாராகிவிட்டார். "பாக்காம விட்டா ஆள் செத்துரும். போன்ல சொன்னா ஆவாது, போயிட்டு வந்துடறேன்" என்று மாமனார் பட்டுவேட்டியோடு அங்கே கிளம்பிவிட்டார்.

"அப்பா வரட்டும்" என்று என் மனைவி எவ்வளவோ சொன்னாள். என் உறவினர்களுக்குக் கடைசி பஸ் கவலை. அவர் இல்லாமலே குடும்பப் படம் எடுத்தார்கள். அவர் திரும்பியபோது நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அன்று யாரும் சாகவில்லை. சாகாததால்தான் அவர் செய்தது எங்கள் யாருக்கும் பெரிதாகப் படவில்லை.

"அவருக்கு நான் ஜாஸ்தியா, லைன் ஜாஸ்தியா?" என்று என் மனைவி என்னிடம்தான் கேட்பாள். அவரிடம் சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா என்பதற்குமேல் பேச்சில்லை. நான் சமாதானம் பேசப் போனால், "வுடுங்க மாப்ள, அவ கோவம் ஞாயம்தான்" என்பார். 'தானே' புயல் சாய்த்த மின்கோபுரங்களுக்காக ஓயாமல் அலைந்தவர், அந்த வேலை முடிந்த கையோடு மாரடைப்பில் போய்விட்டார்.

போன வாரம் மழையில் மின்சாரம் போனது. "போன் பண்ணி விடச் சொல்லும்மா" என்று பிள்ளைகள் கத்தினார்கள்.

"அவுங்கள அவசரப்படுத்தக் கூடாதுடா. ஆள் யாராச்சும் நிக்கிறாங்களான்னு பாத்துட்டுதான் விடணும்" என்றாள் என் மனைவி.

அவர் இருக்கும்போதே இதை ஒருமுறை சொல்லியிருக்கலாம். அவளுக்கும் அதுதான் தோன்றியிருக்க வேண்டும். மின்சாரம் வந்தபோது அழுதுகொண்டிருந்தாள்.