படத்தில் விழாதவள்

ஆறு மாதமாகத் தினமும் சாயங்காலம் ஐந்தரைக்கு அன்புச்செல்வி போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கட்டிலில் கிடக்கும் தம்பிதுரையின் முகம் திரையில் விழவேண்டும். டொரண்டோவில் ஆபீசுக்குக் கிளம்பும் அவசரத்தில் அவர் மகள் வர்ஷினி அதைப் பார்த்து நாலு வார்த்தை பேசவேண்டும். பிடிக்கிறவள் படத்தில் விழுவதில்லை. வர்ஷினிக்கு அவள் வெறும் 'சிஸ்டர்'. நர்ஸ் ஏஜென்சிக்காரன் தனக்குப் பதில் வேறொருத்தியை அனுப்பினாலும் அந்த அம்மணிக்குத் தெரியுமா என்று சிங்காநல்லூர் பஸ்ஸில் நின்றுகொண்டு யோசிப்பாள்.

பக்கவாதம் வந்ததிலிருந்து தம்பிதுரைக்கு மூக்குக் குழாயில்தான் சாப்பாடு. இனி விழுங்க வராது என்று முடிவுகட்டி, நாளைக் காலை வயிற்றில் துளையிட்டு நிரந்தரக் குழாய் வைக்கப் போகிறார்கள். அதை வைத்துவிட்டால் அப்புறம் அந்த வாயைப் பற்றி யாரும் நினைக்கப்போவதில்லை.

மூன்று நாளாகச் சொல்லிப் பார்த்தாயிற்று. "ஐயா எச்சி முழுங்கறாருங்க அம்மணி."

"சரிங்க சிஸ்டர், போனைக் கொஞ்சம் மேல புடிங்க."

இன்றும் அதேதான். "அப்பா, பயப்படாதீங்க, சின்ன ஆபரேசன்தான்." தம்பிதுரை விட்டத்தைப் பார்த்தபடி கிடந்தார். "ஆஸ்பத்திரி பாரத்துல கையெழுத்துப் போட்டு மெயில் அனுப்பிப்போட்டுத்தான் கெளம்போணும். வெச்சுடறேன் சிஸ்டர்."

"வெக்காதீங்க!"

அந்தச் சத்தம் தன் தொண்டையிலிருந்துதான் வந்ததா என்று அவளுக்கே சந்தேகம். போனைத் தண்ணீர் ஜாடியில் சாய்த்து வைத்துவிட்டு டிபன் டப்பாவைத் திறந்தாள். மத்தியானம் மிச்சம் வைத்த அரிசிம்பருப்பு சாதம். இப்போதுதான் சூடு பண்ணி நெய் விட்டிருந்தாள்.

"ஏனுங்க, என்னங்க அது? வாய்ல எதுவும் குடுக்கக்கூடாதுன்னு தெரியாதா? பொரையேறுச்சுன்னா உசுரே போயிருமுங்க!"

"குடுக்கமாட்டனுங்க. வாசம் மட்டுந்தான். தொண்டையைப் பாருங்க."

"அந்த ரூமுக்குள்ள சோறு எப்படி வந்துச்சு?"

பின்கட்டில்தான் சாப்பிடவேண்டும் என்று தம்பிதுரையின் தங்கை முத்தாத்தாள் முதல் நாளே உத்தரவு போட்டிருந்தாள். ஒப்புக்கொண்டால் வேலை போகலாம்.

"நான் இங்கதானுங்க உக்காந்து திங்கறேன். இவரைத் தனியா உட்டுப்போட்டு எப்படிங்க போறது? சோத்து வாசத்துக்கு ஐயா முழுங்கறதை அப்பத்தான் பார்த்தேன்."

டப்பாவை அவர் மூக்கருகே கொண்டுபோனாள். ஒன்றும் இல்லை. ஆவி மெலிந்துகொண்டே வந்தது. திரையில் வர்ஷினி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். தம்பிதுரையின் தொண்டை கல்லாகக் கிடந்தது. நேற்று அசைந்ததே, முந்தாநாள் அசைந்ததே! நம் ஆசைதான் கண்ணை ஏமாற்றியதோ?

"ஐயா," என்றாள் குனிந்து, "கடை நெய்தானுங்க. உங்க தோட்டத்து நெய்க்கு எங்க போறது? கோவிச்சுக்காதீங்க."

மூக்கு விடைத்தது. தாடை மெல்ல அசைந்தது. குரல்வளை மேலேறி, அங்கேயே நின்று, இறங்கியது. இன்னொரு தடவையும்.

திரையில் வர்ஷினியின் முகம் பெரிதாக நெருங்கியது. "எத்தனை நாளா இப்படி?"

"மூணு நாளாச்சுங்க. தினமும் உங்ககிட்டச் சொன்னனே."

வர்ஷினி தோள்பையைக் கழற்றிக் கீழே வைத்தாள். "லைன்லயே இருங்க," என்றாள். "டாக்டரையும் இதுலயே கூப்புடறேன். நான் சொன்னா ஆசையில சொல்றேம்பாரு. நீங்க சொல்லுங்க."

டாக்டரின் போனில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. டப்பாவைக் கீழே வைக்கவும் மறந்து, எதிலிருந்து தொடங்குவது என்று அன்புச்செல்வி மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.