சுருள்வில் நிற்கும் இடம்

இண்டர்மீடியட் பௌதிகத்தில் ஒருமுறை தோற்றிருந்தேன். செய்முறைத் தேர்வில் சுருள்வில் வந்தது. எல்லாம் தப்பாகப் போயிற்று. மறுபடியும் தோற்றால் போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில் அப்பாவோடு மண்வெட்டி பிடிக்க வேண்டியதுதான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இந்த முறை சுருள்வில்லை விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

ஒரு சனிக்கிழமை. திருவனந்தபுரத்தில் எங்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் நானும், கிழக்கேகோட்டை அக்ரஹாரத்துச் சகமாணவன் ஒருவனும் மட்டும் இருந்தோம். சுருள்வில்லில் எடைக்கல்லைத் தொங்கவிட்டால் நான்கு அங்குலம் நீண்டு நின்றது. கல்லை மேலே தூக்கி, வில் கொஞ்சமும் நீளாத உயரத்தில் பிடித்து, கையை எடுத்தேன். நான்கு அங்குலத்தில் நிற்கும் என்பது என் கணக்கு. எட்டு வரை போய்த்தான் திரும்பியது.

வில் கெட்டுவிட்டது என்று வேறொன்றை மாட்டினேன். அதிலும் இறக்கம் இரட்டிப்பாகவே வந்தது.

“ஸ்பிரிங்கை மாத்தியாச்சு. இனி பூமியைத்தான் மாத்தணும், கேட்டியா?” என்றான் அவன்.

“சிரிக்காதலே. நாலுல எடையும் வில்லோட இழுப்பும் சமம். அப்போ அங்கதான நிக்கணும்?”

“ஓடி வரவனை அங்கே யாருடா பிடிச்சு நிறுத்தறா?”

ஒவ்வோர் அங்குலத்திலும் எது எவ்வளவு இழுக்கிறது என்று காகிதத்தில் எழுதினேன். நான்கைத் தொடும்வரை எடை ஜெயிக்கிறது, வேகம் கூடுகிறது. நான்கில் வேகத்தைக் கூட்டவும் ஆளில்லை, குறைக்கவும் ஆளில்லை. கல் மிக வேகமாகப் போவதே அங்கேதான். அதைத் தாண்டிய பிறகுதான் வில் ஜெயித்து நிறுத்துகிறது. நான்தான் வெறும் வில்லின் முனையிலிருந்தே அளந்துகொண்டிருந்தேன். ஆட்டம் முழுவதும் அந்த நான்காம் அங்குலத்தைச் சுற்றியல்லவா நடந்தது!

கதவைப் பூட்ட ஆள் வரும்வரை, இருந்த வில்களையெல்லாம் மாட்டிப் பார்த்தேன்.

தேர்வில் மறுபடியும் சுருள்வில், ஓர் ஆட்டத்துக்கு ஆகும் நேரத்தை அளக்க வேண்டும். கல்லை மாட்டினேன், அது குதித்துக்கொண்டே இருந்தது. மற்றவர்கள் ஆட்டங்களை எண்ணத் தொடங்கிவிட்டார்கள். மலையாளியான பரீட்சகர் என் மேஜைக்கு வந்தார்.

“டைம் போகுது. எந்தா சும்மா நிக்குந்நது?”

“அடங்கட்டும் சார். அது நிக்கிற இடத்தைக் குறிச்சிட்டுத்தான் எண்ணுவேன்.”

கல் அசைவற்று நின்றதும் அதற்கு நேராக, பக்கத்தில் நின்ற அளவுகோலில் பென்சிலால் கோடு போட்டேன். பிறகு இழுத்துவிட்டு, கோட்டை அது கீழ்நோக்கிக் கடக்கும்போதெல்லாம் எண்ணினேன். மூன்று தடவை எடுக்க வேண்டிய அளவை இரண்டு தடவைதான் எடுத்தேன், மணி அடித்துவிட்டது.

“மூணாவது எவிடே?” என்றார் பரீட்சகர்.

“அடங்குறதுக்கு நேரம் போயிட்டுது சார்.”

அவர் குனிந்து பென்சில் கோட்டைப் பார்த்தார். தாளில் கையெழுத்திட்டார். அந்த முறை தேறிவிட்டேன்.